குரோமியம் எங்கே?

மிக்ஸியின் பிளேடு எதனால் ஆனது என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் ஐம்பது வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சமையலறையில் புழங்கும் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பெரும்பகுதி இரும்பு. சுமார் 18 சதவீதம் குரோமியம். 8 சதவீதம் நிக்கல். இந்த 8 சதவீதம்தான் என் ஆராய்ச்சி வாழ்க்கையின் நடுவில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

நான் உயிர்வேதியியல்காரி. ஓய்வு பெறும் வரை, ஏறக்குறைய 38 வருடம், ஒரே ஒரு என்ஸைமைப் பின்தொடர்ந்தவள். நொதி என்று பாடப்புத்தகம் சொல்கிறது. எங்கள் வாயில் அது என்ஸைம்தான். அதன் பெயர் யூரியேஸ். யூரியாவை அமோனியாவாகவும் கார்பன் டை ஆக்ஸைடாகவும் உடைக்கும். கல்யாண வீடுகளில் உறவினர்கள், "நீ என்னம்மா ஆராய்ச்சி பண்றே?" என்று கேட்டால், "ரயில்வே ஸ்டேஷன் கழிப்பறையில் அந்த நெடி ஏன் வருகிறது என்று பார்க்கிறேன்" என்பேன். பொய் இல்லை. சிறுநீரில் இருக்கும் யூரியாவை பாக்டீரியாக்களின் யூரியேஸ் உடைப்பதால் வரும் நெடிதான் அது. பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கு முகம் சுருங்கிப் போகும். "பி.எச்டி. பண்றா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள்.

அப்பாவுக்குக் கரக்பூர் ரயில்வே பட்டறையில் வேலை. தமிழும் தெலுங்கும் வங்காளமும் ஒரே குழாயடியில் கேட்கும் குடியிருப்பில் வளர்ந்தேன். 1970-ல், கங்கைச் சமவெளியில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். எந்த ஊர், எந்தத் துறை என்பது வேண்டாம். என் வழிகாட்டியும் இப்போது இல்லை. பெரிய படிப்பாளி, கோபக்காரர், நேர்மையானவர். இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு யூரியேஸைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் அவர்தான். காரணம் விஞ்ஞானம் அல்ல, சிக்கனம். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டுக் காலம் அது. வெளிநாட்டு ரசாயனம் ஒரு பாட்டில் வேண்டுமென்றால் மனுப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். யூரியேஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜாக் பீன் என்ற அவரை விதையில் அது ஏராளம். நம் ஊர்த் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய உறவு. கட்டை விரல் நகம் அளவுக்கு வெள்ளை வெளேரென்று விதை. வேளாண் பண்ணை ஒன்றில் மூட்டையாகவே கொடுத்தார்கள். விதை, அஸிடோன், தண்ணீர், குளிர். இவ்வளவுதான் தேவை.

இந்தச் செய்முறைக்குச் சொந்தக்காரர் ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்கர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் என் கதைக்குள் போக மனம் வரவில்லை. 17 வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் நண்பனின் துப்பாக்கி வெடித்து அவருடைய இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. அவர் இடது கைப் பழக்கக்காரர் வேறு. ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு ரசாயனம் எப்படிச் செய்வாய், வேறு துறைக்குப் போ என்று அறிவுரை சொன்னார்கள். அவர் போகவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1917-ல் ஆரம்பித்து ஒன்பது வருடம் இந்த விதையோடு போராடினார். 1926-ல் ஒரு நாள் காலை மைக்ராஸ்கோப்பின் அடியில் குட்டிக் குட்டியாகப் படிகங்கள் மின்னின. உலகத்தில் முதன்முதலாகப் படிகமாக்கப்பட்ட என்ஸைம் அது. என்ஸைம் என்பது புரோட்டீன்தான் என்று சம்னர் அறிவித்தார். ஜெர்மனியில் நோபல் பரிசு பெற்ற வில்ஸ்டேட்டரும் அவர் சீடர்களும் சிரித்தார்கள். என்ஸைம் வேறு ஏதோ, புரோட்டீன் அதைச் சுமக்கும் வண்டி மட்டும்தான் என்பது அவர்கள் கட்சி. 1946-ல் சம்னருக்கே நோபல் பரிசு வந்தது. அவர் கட்சிதான் ஜெயித்தது. ஆனால் அந்த ஜெயத்தில் ஒரு வில்லங்கம் ஒளிந்திருந்தது. யூரியேஸ் வெறும் புரோட்டீன், அதில் வேறு எதுவும் இல்லை என்று அடுத்த ஐம்பது வருடத்துக்கு எல்லாப் பாடப்புத்தகங்களும் எழுதிவிட்டன.

சம்னரிடம் ஆரம்ப நாட்களில் ஐஸ் பெட்டிகூடக் கிடையாது. சாற்றை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு இரவு நன்றாகக் குளிர வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்களாம். எங்களிடம் குளிர் அறை இருந்தது, மின்சாரம்தான் இருக்காது. ஜனவரி மாதத்தில் நானும் அதையே செய்தேன். விதையை அரைத்து, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அஸிடோன் கலந்த தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, சாற்றை ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டு விடுதிக்குப் போவேன். வடநாட்டுப் பனி தன் வேலையைச் செய்யும். காலையில் குழாயின் அடியில் பட்டுப்போல் ஒரு வீழ்படிவு. அதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது எட்டு முகப் படிகங்கள். முதல் தடவை பார்த்தபோது யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. லேபில் அந்த நேரத்தில் எங்கள் உதவியாளர் சாச்சா மட்டும்தான் இருந்தார். அவருக்கு நான் "பிட்டியா". அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கற்கண்டு" என்றார்.

விதையை அரைப்பது சாச்சாவின் வேலை. ஸ்டீல் பிளேடு வைத்த பிளெண்டரில் அரைப்பார்.

இனி உலோகத்துக்கு வருகிறேன். உடம்பில் இரும்பு இருப்பது எல்லோருக்கும் தெரியும்; டாக்டர்கள் டானிக் எழுதித் தருகிறார்கள். மற்ற உலோகங்கள் அவ்வளவு பிரபலம் இல்லை. வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப்போகிறது அல்லவா? அந்த வேலையைச் செய்யும் என்ஸைமில் செம்பு இருக்கிறது. துவரை, உளுந்துச் செடிகளின் வேர் முடிச்சில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் என்ஸைமில் மாலிப்டினம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடைக் கையாளும் என்ஸைமில் துத்தநாகம் இருப்பதை 1940-ல் கேம்பிரிட்ஜில் கெய்லினும் மானும் காட்டினார்கள். புரோட்டீன் பெரிய சத்திரம் மாதிரி, ஆயிரக்கணக்கான அணுக்கள். அதன் ஒரு மூலையில் ஒன்றோ இரண்டோ உலோக அணு. அதை எடுத்துவிட்டால் சத்திரம் நிற்கும், சாப்பாடு கிடைக்காது.

இவ்வளவு கொஞ்சமாக இருப்பதால் ஒரு தொல்லை. உலோகம் எங்கும் இருக்கிறது. தண்ணீரில், தூசியில், கண்ணாடியில், விரல் நுனியில். கண்டது உள்ளே இருப்பதா, வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டதா என்ற சந்தேகம் இந்தத் துறையில் இருப்பவர்களுக்குச் சாகும் வரை உண்டு. பிகாரில் பக்ஸரில் பிறந்து பாட்னாவில் படித்த ஆனந்த பிரசாத் என்ற டாக்டர், 1958-ல் ஈரானின் ஷிராஸ் நகரில் 21 வயது இளைஞன் ஒருவன் பத்து வயதுப் பையன்போல இருப்பதைப் பார்த்தார். துத்தநாகக் குறை என்று பின்னால் அவர் சொன்னபோது நம்பாதவர்களே அதிகம். துத்தநாகம் இல்லாத உணவா, எல்லாவற்றிலும்தான் இருக்கிறதே என்றார்கள். 1974 வரை ஆயிற்று அமெரிக்காவில் அதை அவசியச் சத்து என்று ஒப்புக்கொள்ள. அவர் 2022-ல் காலமானார். இன்றைக்குக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்பு சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் கொடுக்கிறார்கள் என்றால், அந்த நீண்ட வழியின் தொடக்கத்தில் அவர் நிற்கிறார்.

எனக்கு உலோக ஆசை வந்தது ஜப்பானியர்கள் 1960-களில் எழுதிய கட்டுரைகளைப் படித்து. ஹைட்ராக்சாமிக் அமிலம் என்று ஒரு வகை. அது யூரியேஸை அப்படியே முடக்கிப்போடுகிறது. அந்த அமிலத்துக்கு உலோகத்தைக் கண்டால் விடாமல் பற்றிக்கொள்ளும் குணம் என்பது ரசாயனம் படித்த யாருக்கும் தெரியும். அப்படியானால் யூரியேஸில் பற்றிக்கொள்ள ஏதோ இருக்க வேண்டுமே?

1972-ம் வருடக் குளிர்காலம். என் படிகங்களில் கொஞ்சத்தைச் சிலிகா மூசையில் போட்டுச் சாம்பலாக்கி, நிலவியல் துறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். பாறைகளை ஆராய அவர்களிடம் ஒரு ஸ்பெக்ட்ரோகிராஃப் இருந்தது. இரண்டு கார்பன் கம்பிகளுக்கு நடுவே சாம்பலை வைத்து மின்பொறியில் எரிப்பார்கள். எரியும் ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று உள்ள நிறங்களில் ஒளி விடும். அது ஒரு கண்ணாடித் தகட்டில் மெல்லிய கோடுகளாகப் பதியும். தகட்டைக் கழுவிக் காயவைத்து, பக்கத்தில் இரும்பின் கோடுகளை அளவுகோலாக வைத்துப் படிக்க வேண்டும். கால்சியம் இருந்தது, மக்னீசியம் இருந்தது, கொஞ்சம் இரும்பு, எங்கும் இருக்கும் செம்பு. அப்புறம், 3414-லும் 3524-லும் இரண்டு கோடுகள். நிக்கல்.

தகட்டை எடுத்துக்கொண்டு என் வழிகாட்டியின் அறைக்கு ஓடினேன். அவர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "விதையை எதில் அரைத்தாய்?" என்றார். சொன்னேன். "பிளேடு என்ன உலோகம்?" என்றார். அதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை. அவரே மேலும் இரண்டு காரணம் சொன்னார். உலோகத்தை இழுத்துக்கொண்டு போகும் ஈ.டி.டி.ஏ. கரைசலில் என் யூரியேஸை நாள் கணக்கில் ஊறவைத்தும் அதன் செயல் குறையவில்லை என்று நானே முந்தின மாதம் அவரிடம் காட்டியிருந்தேன். உள்ளே உலோகம் இருந்தால் குறைந்திருக்க வேண்டும். தவிர, நிக்கல் எந்த உயிரிலும் எந்த வேலையும் செய்வதாக யாரும் இதுவரை காட்டியதில்லை. மூன்றும் நியாயமான வாதங்கள். இன்று ஒரு மாணவி என்னிடம் வந்தாலும் இந்த மூன்றையும் நான் சொல்வேன். "இது பிளேடு, என்ஸைம் அல்ல. வேலையைப் பார்" என்று தகட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

வேலையைப் பார்த்தேன். 1975 தொடக்கத்தில் தீசிஸ் சமர்ப்பித்தேன். அதில் நிக்கல் என்ற வார்த்தையே கிடையாது.

அமெரிக்க ரசாயனக் கழகத்தின் இதழ் எங்களுக்குக் கப்பலில் வரும். 1975-ம் வருடத்து இதழ்க்கட்டு ஒன்று வந்து சேர்ந்தபோது அடுத்த வருடம் பிறந்துவிட்டது. லைப்ரரியில் நின்றுகொண்டே புரட்டினேன். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்துக் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்திலிருந்து ஸெர்னர் குழுவினரின் சிறு கட்டுரை. ஜாக் பீன் யூரியேஸ் ஓர் உலோக என்ஸைம். உலோகம் நிக்கல். ஒரு செயல் மையத்துக்கு இரண்டு அணு. உயிர்களில் நிக்கலுக்கு வேலை இருக்கிறது என்பதற்கு முதல் சாட்சி.

அந்த நிமிடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அழவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன். அதே விதை. அதே அஸிடோன். ஈ.டி.டி.ஏ.வுக்கு ஏன் அசையவில்லை என்பதற்கும் விடை இருந்தது: நிக்கல் அவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. என் வழிகாட்டியிடம் நான் போகவில்லை. அவரே கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் அதே இதழ் திறந்திருந்தது. "நீ சொன்னாய்" என்றார். நான் நின்றுகொண்டிருந்தேன். "டீ சாப்பிடு" என்றார். ஐந்து வருடத்தில் அவர் அறையில் நான் குடித்த முதல் டீ.

அந்த விடுமுறைக்குக் கரக்பூர் போனபோது ஒரு காரியம் செய்தேன். ஒரு பை விதையை எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் அம்மியில் அரைத்தேன். "ஏண்டி, எதையெதையோ என் அம்மியில் போட்டு அரைக்கிறே, நாளைக்குத் தேங்காய் அரைக்க வேண்டாமா?" என்று அம்மா கத்தினாள். அந்த மாவைக் கொண்டுவந்து, படிகமாக்கி, எரித்துப் பார்த்தேன். ஸ்டீல் படாத மாவு. நிக்கல் இருந்தது. கல்லில் நிக்கல் இருக்காதா என்று ரசாயனக்காரர்கள் கேட்கக்கூடும், இருக்கும், துளி. ஆனால் கேள்விக்கு அப்போது உயிர் இல்லை, பிரிஸ்பேனில் முடித்துவிட்டார்கள். 1972-ல் செய்திருந்தால் ஒரு பகல் வேலை. அம்மி அப்போதும் அங்கேதான் கிடந்தது.

இதற்குப் பிறகு நடந்த முப்பது வருடத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். வேறொரு ஊரில் வேலை, கல்யாணம், ஒரு மகன். துவரம்பருப்பில் இருக்கும் யூரியேஸ், அதைக் கண்ணாடி மணிகளில் கட்டிவைத்து ரத்தத்தில் யூரியாவை அளப்பது, மாணவர்கள், கமிட்டிகள். கட்டுரைகள் நிறைய வந்தன. அவற்றில் பாதியை நானே மறந்துவிட்டேன்.

மறக்காதது வயல்கள். தொழிற்சாலை யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். அதை வயலில் தூவியதும் மண்ணில் இருக்கும் யூரியேஸ் பாய்ந்து உடைக்கிறது. ஈரமும் வெயிலும் சேர்ந்தால் அமோனியா மேலே கிளம்பிவிடும். தண்ணீரில் தானாகவே உடைய வருடங்கள் பிடிக்கும் யூரியாவை இந்த என்ஸைம் சுமார் நூறு லட்சம் கோடி மடங்கு விரைவாக உடைக்கிறது. லேபில் அந்த வேகத்தைப் பார்த்துப் பூரித்தவள், கிழக்கு உத்தரப்பிரதேசத்து வயல் வரப்பில் நின்றபோது அதைச் சபித்திருக்கிறேன். ஒரு கிழ விவசாயி மூக்கைத் தேய்த்துக்கொண்டு, "நான் போட்ட பணம் வாசனையாகப் போகிறது" என்றார். எந்தப் பாடப்புத்தகத்திலும் இதைவிடச் சரியாக எழுதியதில்லை. இரட்டை நிக்கலைப் போய் அடைத்துக்கொள்ளும் மருந்துகள் வெளிநாடுகளில் யூரியாவோடு கலந்து விற்பனைக்கு வந்தன. நாம் வேப்பெண்ணெய் பக்கம் போனோம். தில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் 1970-களிலேயே தொடங்கிய யோசனை அது; 2015-ல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேம்பு பூச வேண்டும் என்று உத்தரவு வந்தது. வேம்பு யூரியேஸை நிறுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தடுப்பது முக்கியமாக அடுத்த கட்டத்தை, அமோனியாவை நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாக்களை. அங்கேயும் வேலை செய்வது செம்பு உள்ள ஒரு என்ஸைம்தான் என்பதைச் சொல்லாமல் விட என்னால் முடியாது.

பந்த்நகரில், தராய் பகுதி நெல் வயல்களில் இலைகளில் துருப்பிடித்ததுபோல் புள்ளி விழுந்து பயிர் கருகியதை 'கைரா' நோய் என்றார்கள். நோய்க்கிருமியைத் தேடிப்போன ஒய்.எல். நேனே என்ற பயிர்நோய் நிபுணர், 1966-ல், கிருமி எதுவும் இல்லை, மண்ணில் துத்தநாகம் போதவில்லை என்று கண்டுபிடித்தார். துத்தநாக சல்பேட்டைத் தெளித்ததும் பயிர் பச்சை கட்டியது. தன் துறையே கிருமிகளைப் பற்றியதாக இருக்கும்போது கிருமி இல்லை என்று சொல்ல முடிந்த மனிதரை நினைத்து நான் பல தடவை பொறாமைப்பட்டிருக்கிறேன்.

1994-ல் யூரியேஸ் என் வீட்டுக்கே வந்தது. என் கணவர் உலோகவியல் இன்ஜினியர். வருடக்கணக்காக வயிற்றெரிச்சல். காரம் கூடாது, காப்பி கூடாது, கவலை கூடாது. தயிர் சாதமும் வெள்ளை மருந்துமாகவே காலம் தள்ளிக்கொண்டிருந்தார். தில்லியில் ஒரு டாக்டர் எண்டோஸ்கோப்பி செய்து, வயிற்றுச் சுவரில் கடுகளவு கிள்ளி எடுத்து, மஞ்சள் நிற ஜெல்லி ஒன்றில் வைத்தார். "நிறம் மாறுகிறதா பார்க்க வேண்டும்" என்றார். ஜெல்லியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். யூரியா, ஒரு நிறங்காட்டி என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் 1982-ல் வளர்த்தெடுத்த பாக்டீரியா, வயிற்றின் அமிலத்தில் பிழைத்திருப்பதே யூரியேஸால்தான். அமோனியாவைத் தன்னைச் சுற்றிக் குடைபோல விரித்துக்கொள்கிறது. மார்ஷல் 1984-ல் அதைத் தானே குடித்து நோயை வரவழைத்துக்கொண்டார். இருவருக்கும் 2005-ல் நோபல் கிடைத்தது. டாக்டர் பெருந்தன்மையோடு என்னை மேஜையருகே நிற்க அனுமதித்தார். இருபது நிமிடத்துக்குள் ஜெல்லி ஓரத்தில் ரோஜா நிறம் படர்ந்தது. என் கணவரின் வயிற்றில், அவருக்குத் தெரியாமல், நான் சம்பளம் வாங்கிக்கொண்டு படித்த அதே இரண்டு நிக்கல் அணுக்கள். மறுபடியும் ஆஸ்திரேலியாக்காரர்கள்!

இரண்டு வாரம் மருந்து சாப்பிட்டார். வேலைக்குப் போக வேண்டாம் என்றதால் பொழுது போகாமல் பரணைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். ஒரு பெட்டியில் என் பழைய நோட்டுப் புத்தகமும், செய்தித்தாளில் சுற்றிய அந்தக் கண்ணாடித் தகடும் கிடைத்தன. கதை அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதிலிருந்து சொல்லி வந்திருக்கிறேன். என் வழிகாட்டி பேனாவை எடுத்து, 'நிக்கல்' என்ற சொல்லைச் சரக்கென்று அடித்துவிட்டார் என்று. நோட்டைப் பார்த்துவிட்டு, "அடித்தது அவர் என்றாயே? இது உன் கையெழுத்து" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். 'நிக்கல்' மேல் ஒரே கோடு. பக்கத்தில், 'பிளேடு மாசு', தேதி. என் எழுத்து, என் பேனாவின் பச்சை மை. அவர் நோட்டைத் தொட்டதே இல்லை. தகட்டைத்தான் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் நான் சொல்லி வந்த கதையில் பேனா அவர் கைக்கு எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டுமென்று பொய் சொன்னவள் இல்லை. சொல்லச் சொல்ல அப்படி நடந்ததாகவே ஆகிவிட்டது.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தகட்டை ஜன்னலில் பிடித்து, நான் கோடுகளைக் காட்டக் காட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "பிளேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே? அப்படியென்றால் நிக்கலைவிடக் குரோமியம் இரண்டு மடங்கு இருக்கணுமே. குரோமியம் எங்கே?"

நான் பதில் சொல்லவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, குரோமியத்தின் கோடுகள் இருக்க வேண்டிய நீல நிறப் பக்கத்தில், 4254-ல் தேடினேன். 4275-ல் தேடினேன். ஒன்றும் இல்லை. அந்தத் தகடு 1972-லேயே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நானும் பார்க்கவில்லை, என் வழிகாட்டியும் பார்க்கவில்லை. ஸ்டீலோடு பழகியவருக்குச் சமையலறை மேஜையில் இரண்டு நிமிடத்தில் தோன்றிவிட்டது. நியாயமாகச் சொன்னால் அது முழு நிரூபணம் அல்ல. இரண்டு உலோகமும் பிளேடிலிருந்து கரைந்து, புரோட்டீன் நிக்கலை மட்டும் பிடித்துக்கொண்டு குரோமியத்தை விட்டுவிட்டிருக்கலாம், அப்படி நடப்பதுண்டு. இதை அன்று இரவே அவரிடம் விளக்கினேன். கொஞ்சம் அதிகமாகவே விளக்கினேன் போலிருக்கிறது. "சரி, சரி, தூங்கு" என்றார்.

அடுத்த வருடம், 1995-ல், அமெரிக்காவில் ஒரு பாக்டீரியாவின் யூரியேஸின் முழு வடிவமும் எக்ஸ்ரே மூலம் வெளிவந்தது. இரண்டு நிக்கலும் பக்கத்தில் பக்கத்தில், இடைவெளி 3.5 ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். சம்னரின் ஜாக் பீன் படிகம் மட்டும் பிடிகொடுக்காமல் இருந்தது. 1926-ல் முதலில் படிகமான என்ஸைமின் வடிவம் 2010-ல்தான் தெரிந்தது. அதைச் செய்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துப் படிகவியல் துறையினர். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியிருந்தது. மகன் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து அச்செடுத்துக் கொடுத்தான். ஆறு துண்டுகள், துண்டுக்கு இரண்டாகப் பன்னிரண்டு நிக்கல் அணுக்கள். ஆறு துண்டும் சேர்ந்த எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கும் கொஞ்சமும்தான் நிக்கல். ஒரு நாள் முழுக்க அந்தக் காகிதம் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. சாச்சா இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் கடைசி மாணவி, துவரை விதையிலிருந்து வேறொரு என்ஸைமைச் சுத்தப்படுத்திக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மாலை ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. அவள் மாதிரியில் நிக்கல் இருக்கிறதாம். அந்த என்ஸைமில் நிக்கல் இருப்பதாக யாரும் எழுதியதே இல்லையாம். கையில் இருந்த தாளைப் பார்த்தேன். எண்கள் நன்றாகவே இருந்தன. அப்போதெல்லாம் தகடு கிடையாது. கருவி அச்சடித்தே கொடுத்துவிடும்.

"எதில் அரைத்தாய்?" என்றேன். பிளெண்டரில் என்றாள். முகம் வாடிவிட்டது.

"அடித்துவிடாதே. குரோமியம் அளந்தாயா?"

இல்லை என்றாள். அன்று இரவே அளந்துவிட்டு, மறுநாள் காலை நான் வருவதற்கு முன்பே என் மேஜையில் தாளை வைத்திருந்தாள். குரோமியம் இருந்தது, நிக்கலைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். கல் உரலில் இடித்த விதையில் இரண்டுமே இல்லை.

பிளேடுதான்.